சூட்டுக் கார்

திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் அமலராணி லெகான் என்ற வெள்ளைச் சீமைக்கோழிக் குஞ்சு பொரிக்க ஆரம்பித்தபோது ஊரில் பாதிப்பேர் சிரித்தார்கள். கோழி என்றால் குப்பையைக் கிளறித் தானே பிழைத்துக்கொள்ளும் ஜீவன். அதற்குப் போய் மரப்பெட்டி, பெட்டிக்கு அடியில் மண்ணெண்ணெய் விளக்கு, உள்ளே சூடு பார்க்க ஒரு தெர்மாமீட்டர் என்று ஒருத்தி வீட்டின் பின்னறையையே ஒழித்துக் கொடுத்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். பிளாக் ஆபீசில் நடந்த பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அவள் கணவர் திண்டுக்கல்லில் ஒரு தோல் கிடங்கில் வேலை பார்த்தார். "அடை காக்கக் கோழியே அம்புட்டுப் பாடு படுது. நீ விளக்க வச்சு ஏமாத்தப் போறியாக்கும்" என்று முதலில் கேலி செய்தவர், முதல் ஈடு பொரித்த அன்று வேலைக்கும் போகாமல் பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பொரித்த குஞ்சுகளை விற்பதில்தான் சிக்கல் இருந்தது. அகரத்திலும் தாடிக்கொம்பிலும் வெள்ளைக் கோழியை வாங்குவாரில்லை. கொடைக்கானலில் விடுதியோடு இருந்த ஒரு கன்னியர் பள்ளியில் சிஸ்டர் ஆனந்தமேரி சமையல்கட்டைக் கவனித்துவந்தார். திண்டுக்கல்காரர். விடுதிப் பிள்ளைகளுக்குத் தினமும் முட்டை கொடுக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஊருக்கு வந்திருந்தபோது அமலராணியின் பெட்டியைப் பார்த்துவிட்டு, இருநூறு குஞ்சு வேண்டும் என்று சொல்லிப்போனார்.

அறுபத்து நாலாம் வருடத்துக் கார்த்திகையில் அமலராணி அந்தக் குஞ்சுகளை அட்டைப்பெட்டிகளில் அடைத்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். கண்டக்டர் பெட்டிகளைக் கூரைமேல்தான் போட முடியும் என்றார். மலை ஏறும்போது மழைச்சாரலும் காற்றும் அடித்தன. பள்ளி வாசலில் பெட்டியைத் திறந்தபோது பாதிக்கு மேல் விறைத்துக் கிடந்தன. சிஸ்டர் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் அமலராணிக்குத் தாங்கவில்லை. "இன்னொரு தடவை பாப்போம்மா. அதுவும் சரிப்படலைன்னா நான் வேற ஏற்பாடுதான் பண்ணணும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஈடு பொரிப்பதற்குள் அமலராணி திண்டுக்கல் ரயிலடி டாக்சி நிறுத்தத்துக்குப் போய் ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்தாள். கண்ணாடி முழுக்க ஏறி மூடுகிறதா, கதவில் சந்து இருக்கிறதா என்று பார்த்த பெண்பிள்ளையை டிரைவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தண்டாயுதபாணி மட்டும் இறங்கி வந்து கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, வண்டியவே வெலைக்கு வாங்கறாப்பல பாக்கறீங்க?"

அவர் நெய்க்காரப்பட்டிக்காரர். பழனிப் பக்கத்துப் பேச்சு திண்டுக்கல்லுக்கு வந்து இத்தனை வருடமாகியும் மாறவில்லை. அமலராணி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவருடையது சீமை வண்டி. மலைமேல் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. முன்சீட்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில், சல்லடைக் கண் வைத்த ஒரு தகரப்பெட்டி இருந்தது.

"ஹீட்டருங்க. சூட்டுக் காத்து வரும். தொரையோட சம்சாரத்துக்குக் காலு சில்லுனு ஆயிருமாம், அதுக்காகச் சீமையிலயே வெச்சு அனுப்புனது."

"இப்ப வேலை செய்யுதா அண்ணே?"

"திண்டுக்கல்லுல யாருங்க சூட்டுக் காத்துப் போடுவாங்க? போட்டுப் பாத்ததே இல்லீங்க. இப்பப் பாத்துப்போடலாம்."

வண்டியை ஸ்டார்ட் செய்து சற்று நேரம் ஓடவிட்டு, முன்பலகையில் இருந்த கறுப்புக் குமிழைத் திருப்பினார். உள்ளே விசிறி கரகரவென்று சுற்றியது. அமலராணி குனிந்து தகரப்பெட்டிக்கு முன்னால் கையை நீட்டினாள். நல்ல வெதுவெதுப்பான காற்று புறங்கையில் பட்டது. அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"போதும்ணே. வியாழக்கிழமை வாங்க."

மார்கழி பிறந்திருந்தது. வியாழக்கிழமை வெயில் ஏறியபிறகு, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளைப் பின்சீட்டிலும் காலடியிலும் அடுக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். முன்சீட்டில் அமலராணி, மடியில் ஒரு பெட்டி. வத்தலக்குண்டு தாண்டும்வரை குஞ்சுகள் மெல்லிய குரலில் கிசுகிசுத்துக்கொண்டே வந்தன. அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம். வயிறும் உடம்பும் சரியாக இருக்கும் குஞ்சு தனக்குத் தானே பேசிக்கொள்ளும். காமக்காபட்டியில் மலை ஏற ஆரம்பித்ததும் தண்டாயுதபாணி குமிழைத் திருப்பினார். விசிறி சுற்றியது.

டம்டம் பாறை தாண்டியதும் மேகம் சாலைக்கு இறங்கிவிட்டது. ஊத்து என்ற ஊர் வருவதற்குள் குஞ்சுகளின் குரல் மாறியது. கிசுகிசுப்பு போய், கூர்மையாக, விட்டு விட்டு ஒரு கத்தல். அமலராணி மடிப்பெட்டியைத் திறந்தாள். எல்லாம் ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் குவிந்திருந்தன.

"அண்ணே, விசிறிய இன்னும் கொஞ்சம் வேகமா வைங்க."

அவர் விசிறியைக் கூட்டினார். கத்தல் இன்னும் பலமானது. அமலராணி குனிந்து தகரப்பெட்டிமுன் கையை வைத்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் குளிர்ந்த காற்று.

"நிறுத்துங்கண்ணே! இது சூட்டுக் காத்து இல்ல. வெளிக் காத்த அள்ளி உள்ள போடுது!"

ஊத்தில் ஒரு டீக்கடை முன்னால் வண்டி நின்றது. இருவருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் புரிந்தது. ரயிலடியில் அன்றைக்கு வந்த சூடு ஹீட்டரின் சூடு அல்ல. திண்டுக்கல் வெயிலின் சூடு. நின்ற வண்டியில் எஞ்சினைச் சுற்றியிருந்த அனல் காற்றை விசிறி உள்ளே இழுத்துத் தந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"கைய நம்பிட்டேன்" என்றாள் அமலராணி. "பொரிக்கிற பெட்டிக்குத் தெர்மாமீட்டர் இல்லாம இருக்க மாட்டேன். வண்டிக்கு மட்டும் கை போதும்னு நெனச்சுட்டேன்."

மேலே போக இன்னும் பாதித் தூரம் இருந்தது. சொன்ன நாளில் சொன்னபடி போய்ச் சேரவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. இந்தத் தடவையும் கை நழுவினால் சிஸ்டரிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? ஆனால் மடியில் கத்தல் ஓயவில்லை. அவள் நிமிர்ந்து தண்டாயுதபாணியைப் பார்த்தாள்.

"கீழ இறங்கிருவோம்ணே. உசுரோட இருந்தா இன்னொரு நாள் ஏத்தலாம்."

டீக்கடைக்காரர் கேள்வி கேட்கவில்லை. பாய்லரிலிருந்து வெந்நீர் பிடித்துக் காலி சோடா பாட்டில்களில் அடைத்துக் கொடுத்தார். பழைய பேப்பரைச் சுற்றி, பெட்டிக்கு ஒன்றாகச் செருகினார்கள். அந்த நேரத்தில் தண்டாயுதபாணி பானெட்டைத் தூக்கிவிட்டு நின்றார். எஞ்சினிலிருந்து அனல் முகத்தில் அடித்தது.

"பாருங்க அம்மிணி. இங்க அடுப்பாட்டம் கொதிக்குதுங்க. உள்ள ஐசுக் காத்து வருது. நடுவுல எங்கியோ சூடு நின்னு போச்சுங்க."

"எங்கன்னு கண்டுபிடிச்சாகணும்ணே" என்றாள் அவள்.

காமக்காபட்டியில் வெயில் இருந்தது. பெட்டிகளை வெளியே எடுத்துக் காயவைத்ததுபோல் பரப்பினார்கள். பத்துக்குள்தான் செத்திருந்தன. மற்றவை ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு எழுந்து நின்றன. வத்தலக்குண்டு தபாலாபீசுக்குப் போய் அமலராணி பள்ளிக்கு டிரங்க் கால் போட்டாள். இரைச்சலுக்கு நடுவே சிஸ்டரின் குரல் கேட்டது.

"பாதி வழி வந்துட்டுத் திரும்புனியா?"

"ஆமா சிஸ்டர். சாக விட மனசில்ல."

"அடுத்த வாரம் கொண்டு வா. நான் காத்திருக்கேன்" என்றார் சிஸ்டர். அமலராணி ரிசீவரை வைத்த பிறகும் அதன்மேல் இருந்த கையை எடுக்காமல் நின்றாள்.

மறுநாள் காலை வண்டி திண்டுக்கல் நாகல்நகரில் சோலைமலையின் ஒர்க்‌ஷாப்பில் நின்றது. சோலைமலைக்கும் தண்டாயுதபாணிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வண்டி வாங்கிய நாளிலிருந்து பழக்கம். ஹீட்டர் என்றதும் அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏண்ணே, திண்டுக்கல்லுல ஹீட்டரா? பழனி அடிவாரத்துல மொட்டைத் தலைக்குச் சீப்பு விக்கப் போறீங்களா?"

அமலராணி சிரிக்கவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த பெட்டியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து முன்சீட்டின் தகரப்பெட்டிமேல் வைத்தாள். இன்னொன்றை வேப்பமர நிழலில் கட்டித் தொங்கவிட்டாள். "ரெண்டையும் பாருங்க. உள்ள இருக்குறது வெளிய இருக்குறத விட எம்புட்டு ஏறுதோ, அதுதான் ஹீட்டர் தர்ற சூடு. மத்தது வெயில்."

சோலைமலை சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "சரிதான்க்கா. இது எனக்குத் தோணாது" என்று பானெட்டுக்குள் குனிந்தார்.

எஞ்சின் ஓடியது. விசிறியும் சுற்றியது. பானெட் திறந்திருந்ததால் எஞ்சின் அனல் மேலே போய்விட, இரண்டு தெர்மாமீட்டரும் ஏறக்குறைய ஒன்றையே காட்டின. சோலைமலை விளக்கினார்: ஹீட்டருக்கென்று தனி நெருப்பு கிடையாது. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் சூடாகி, ஒரு ரப்பர் குழாய் வழியாகத் தகரப்பெட்டிக்குள் இருக்கிற குட்டி ரேடியேட்டருக்குப் போய், இன்னொரு குழாய் வழியாகத் திரும்ப வேண்டும். அந்தக் குட்டி ரேடியேட்டரின்மேல் விசிறி காற்றை அடிக்கிறது. "அப்ப இந்த ரெண்டு குழாயும் சுடணும். தொட்டுப் பாருங்க."

மூவரும் தொட்டுப் பார்த்தார்கள். இரண்டும் சில்லென்று இருந்தன.

குழாய் புறப்படும் இடத்தில், எஞ்சின் தலையில், தண்ணீரை அடைக்கவும் திறக்கவுமான ஒரு பித்தளைத் திருகு எண்ணெய்ப் பிசுக்கில் மூழ்கியிருந்தது. சோலைமலை துணியால் துடைத்தார். "சீமையில வெயில் காலத்துல மூடி, குளிர் காலத்துல திறப்பாங்க போல. இங்க வந்ததுலேருந்து வெயில் காலம்தான. மூடுனது மூடுனபடி இருக்கு." மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மெல்லத் தட்டித் தட்டி, கடைசியில் அது கிறீச்சென்று அசைந்து கொடுத்தது.

மறுபடி எஞ்சின் ஓடியது. முதல் குழாயில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. தண்டாயுதபாணி கைதட்டப் போனார். அமலராணி இரண்டாவது குழாயைத் தொட்டாள்.

"இது இன்னும் சில்லுனுதான் இருக்கு."

"அப்ப தண்ணி உள்ள போகுது, வெளிய வரல" என்றார் சோலைமலை. "பெட்டிக்குள்ள அடைப்பு."

குட்டி ரேடியேட்டரைக் கழற்றி வெளியே எடுத்தபோது பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. வாய்ப்பக்கம் விரலை விட்ட அமலராணி வெள்ளையாகச் சுரண்டி எடுத்தாள். அவளுக்கு உடனே தெரிந்தது. வீட்டில் வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் படிவதும் இதுதான். திண்டுக்கல் கிணற்று உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றி ஊற்றிச் சுண்ணாம்பு கட்டிப்போயிருந்தது.

"இதுக்குப் புளியைவிட்டா வேற மருந்தில்ல" என்றாள்.

பக்கத்துக் கடையில் பழம்புளி வாங்கி, ஒர்க்‌ஷாப்பின் பழைய வாளியில் கரைத்துக் கொதிக்கவைத்தார்கள். டிரைவரும் மெக்கானிக்கும் புளிக்கரைசலைச் சுற்றி நிற்பதைப் பார்த்த தெருக்காரர் ஒருவர், "என்ன, ரசத்துக்குப் பருப்பு வெந்துருச்சா?" என்று கேட்டுப்போனார். கரைசலை உள்ளே ஊற்றி ஊறவைத்து, பம்புக் குழாயைத் தண்ணீர் திரும்பிவரும் பக்கத்தில் வைத்து அடித்தபோது முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு பழுப்பாக ஒரு கட்டி வந்து விழுந்தது. அதன்பின் சேறும் துருவும் சுண்ணாம்பும் கொட்டின. தண்ணீர் தெளியும்வரை அமலராணி பம்பை விட்டு நகரவில்லை.

மாட்டி ஓட்டினார்கள். இப்போது இரண்டு குழாயும் சூடு. உள்ளே தெர்மாமீட்டர் ஏறியது. ஏறிப் பாதியில் நின்றுவிட்டது. குஞ்சுக்கு வேண்டிய தொண்ணூறு பாரன்ஹீட் டிகிரியை மலையில் எட்டாது என்று அமலராணி கணக்குப் போட்டுச் சொன்னாள். மூவரும் சோர்ந்துபோய் மட்கார்டில் சாய்ந்து நின்றார்கள். சோலைமலை பீடி பற்றவைத்தார்.

தண்டாயுதபாணிதான் திடீரென்று நிமிர்ந்தார். "ஏனுங்க சோலைமலை, போன சித்திரையில வண்டி கொதிக்குதுன்னு கொண்டாந்தனே, அப்ப உள்ளாற இருந்து ஒண்ணக் கழட்டிப் போட்டீங்களே?"

"தெர்மாஸ்டாட்!" சோலைமலை நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அது எஞ்சின் தண்ணீர் நன்றாகச் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மறித்து நிற்கும் ஒரு சின்னப் பித்தளைக் கதவு. சமவெளியில் ஓடும் வண்டிகளுக்கு அது வீண் தொல்லை என்று எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கழற்றிவிடுவார்கள். கதவில்லாத எஞ்சின் மலைக்குளிரில் சூடேறாது. பழைய சாமான் டப்பாக்களைக் கவிழ்த்துத் தேடி அதைக் கண்டெடுத்தார் சோலைமலை. வேலை செய்கிறதா என்று பார்க்க, கொதிக்கும் வாளியில் கம்பியில் கட்டி இறக்கினார்கள். மூன்று தலைகள் வாளிக்குமேல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பித்தளைக் கதவு சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு கண்ணெதிரே மெதுவாக வாயைத் திறந்தது.

"குஞ்சு ஓட்ட உடைக்கிற மாதிரியே இருக்கு" என்றாள் அமலராணி. அன்று அவள் முதல்முறையாகச் சிரித்தாள்.

"ஆனா இத மாட்டுனா வத்தலக்குண்டுக்குள்ள வண்டி கொதிக்கும்க்கா" என்று சோலைமலை எச்சரித்தார். "ஒரே வழிதான் இருக்கு. ஹீட்டர இங்கேருந்தே போட்டுக்கிட்டுப் போங்க. எஞ்சின் சூட்ட அது உள்ள வாங்கிக்கிரும். வண்டி தப்பிச்சுக்கிரும். நீங்க தப்பிக்கிறது உங்க பாடு."

அடுத்த வியாழக்கிழமை குஞ்சுகள் ஒரு வாரம் வளர்ந்து, இறக்கை நுனியில் வெள்ளை இறகு விட்டிருந்தன. அகரத்திலிருந்து புறப்பட்டதுமே ஹீட்டரைப் போட்டார்கள். கண்ணாடிகளை முழுக்க இறக்கிவிட்டும் வண்டிக்குள் அடுப்படி வெக்கை. தண்டாயுதபாணியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அமலராணி முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள். குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சுவாங்கினால் பெட்டியைக் காற்றுப் பக்கம் திருப்பினாள். வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் வேர்வையில் குளித்துக்கொண்டு வந்த இருவரையும் பார்த்து ஒரு பழக்கடைக்காரி ஓடிவந்தாள்.

"ஏம்ப்பா, ஆசுபத்திரிக்கா போறீக? என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்லம்மா. ஹீட்டர் நல்லா வேலை செய்யுதுங்க" என்றார் தண்டாயுதபாணி பெருமையாக.

காமக்காபட்டியில் முதல் கண்ணாடி ஏறியது. டம்டம் பாறையில் இரண்டாவது. ஊத்தில் மேகம் கண்ணாடியில் வந்து மோதியபோது நாலும் மூடியிருந்தன. அமலராணி தெர்மாமீட்டரைப் பார்த்தாள். முள்ளங்கிபோல் வெளுத்திருந்த அவள் விரல்கள் பெட்டியின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. பாதரசம் தொண்ணூறுக்குச் சற்று மேலே, அசையாமல் நின்றது. பெருமாள்மலையில் வெளியே மனிதர்கள் கம்பளிக்குள் சுருங்கி நடந்துபோனார்கள். காருக்குள் குஞ்சுகள் பெட்டி முழுக்கப் பரவிப் படுத்து, கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தன.

"கேக்குதாண்ணே?"

"கேக்குதுங்க" என்றார் அவர்.

சிஸ்டர் ஆனந்தமேரி கம்பளிச் சால்வையோடு வாசலிலேயே நின்றிருந்தார். முதல் பெட்டியை அவரே திறந்தார். மஞ்சளும் வெள்ளையுமாகத் தலைகள் நிமிர்ந்தன. ஒரு குஞ்சு மட்டும் செத்திருந்தது. சிஸ்டர் அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மற்றவற்றைக் கணப்பு மூட்டிய அறைக்குத் தாமே ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப்போனார். திரும்பிவந்து அமலராணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஏரிக்கரைப் பக்கம் இருக்குற பள்ளிக்கூடத்துலயும் கேக்குறாங்க. மாசத்துக்கு ஒரு தடவை கொண்டு வர முடியுமா?"

அமலராணி தண்டாயுதபாணியைப் பார்த்தாள். "வேர்வை துடைக்கத் துண்டு ரெண்டு சேத்து எடுத்துக்கிட்டாப் போச்சுங்க" என்றார் அவர்.

திரும்பும்போது மணி மூன்றிருக்கும். பஸ் நிற்கும் இடத்தில் மேகத்துக்கு நடுவே ஒரு இளம் தம்பதி நின்றிருந்தார்கள். அந்தப் பெண் ஒரு துணிமூட்டையை மார்போடு அணைத்திருந்தாள். மூட்டைக்குள்ளிருந்து விட்டு விட்டு ஒரு கூர்மையான அழுகை கேட்டது. அமலராணி சொல்வதற்கு முன்பே தண்டாயுதபாணி பிரேக்கை மிதித்திருந்தார்.

"எங்கீங்க போறீங்க?"

"வடமதுரைக்குங்கய்யா. பேரிக்காய்த் தோட்டத்துல வேலை. பிள்ளை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, ஆத்தா வீட்டுக்குக் கொண்டு போறோம். பஸ்ஸக் காணோம்" என்றான் அவன்.

"ஏறுங்க. திண்டுக்கல்லு வரைக்கும் சும்மாதான் போறோம்."

பின்சீட்டில் காலிப் பெட்டிகளை ஒதுக்கி அவன் உட்கார்ந்தான். அமலராணி நகர்ந்து அந்தப் பெண்ணை முன்சீட்டில் தன்னருகே உட்காரவைத்தாள். கதவை மூடியதும் வந்தவள் திகைத்துப்போய்க் குனிந்து காலடியைப் பார்த்தாள்.

"அக்கா, எங்கயிருந்து வருது இம்புட்டுச் சூடு?"

"எஞ்சின்லயிருந்து. வழியில நின்னு போயிருந்துச்சு. இப்ப வந்துருச்சு."

அந்தப் பெண் தயங்கித் தயங்கி முதல் துணியை விலக்கினாள். பிறகு இரண்டாவதை. குழந்தையின் அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகி அடங்கியது. முகத்தருகே இறுக மூடியிருந்த சின்ன விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. சில்வர் காஸ்கேட் அருவியின் இரைச்சல் வந்து கடந்து போனது; குழந்தை விழிக்கவில்லை.

டம்டம் பாறைக்குக் கீழே வெயில் தெரிந்தது. குழந்தையின் மேலுதட்டில் வேர்வை அரும்புவதைப் பார்த்த அமலராணி, கண்ணாடியைக் கொஞ்சமே கொஞ்சம் இறக்கினாள்.